வக்கீல் மோஸ்டின் முடிக்காத வரி

லான்வரனில் மழை பெய்யாத நாளும் இருந்திருக்கும். நான் அங்கே வேலை பார்த்த பதினைந்து நாளில் அப்படி ஒன்று வரவில்லை.

பேருந்து என்னை ஆற்றங்கரைச் சாலையில் இறக்கிவிட்டபோது மதியம் இரண்டு மணி. அங்கிருந்து மோஸ்டின் வீட்டுக்கு மேட்டுப் பாதை. ஒரு கையில் பென்சில்களும் விவரச் சீட்டுகளும் வைத்த பை, மறு கையில் குடை. பாதி வழியில் நின்று மூச்சு வாங்கினேன். கீழே கழிமுகம் சாம்பல் நிறத்தில் கிடந்தது. அக்கரை தெரியவில்லை.

என் பெயர் நெஸ்டா. எனக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. மாவட்ட ஆவணக் காப்பகத்தில் முப்பத்தோரு வருடமாக, இறந்தவர்களின் காகிதங்களைப் படித்து இது இன்னது என்று சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. இந்த வேலையை வேறு யாருக்காவது கொடுங்களேன் என்று மேலதிகாரியிடம் கேட்டுப் பார்த்தேன். வேறு யாரும் இல்லை என்றார். எதிர்பார்த்த பதில்தான்.

வக்கீல் ஐசக் மோஸ்டின் இறந்து ஐம்பத்திரண்டு வருடம் ஆகியிருந்தது. வக்கீல் தொழில் அவருக்குச் சோறு போட்டது. மதுவிலக்குப் பிரசாரம் பெயர் வாங்கிக் கொடுத்தது. லான்வரனின் வரலாற்றை எழுதுவது அவருடைய சொந்த ஆசை. ஓடத்துறையோரம் இருந்த ஏழு மதுக்கடைகளில் ஐந்தை அவர் வாதாடியே மூட வைத்தார் என்பார்கள். ஊர் மண்டபத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். அவருடைய மகள் மிஸ் டிலைஸ் எண்பத்து மூன்று வயதில், கல்யாணம் செய்துகொள்ளாமல், அந்த வீட்டில் தனியாக இருந்தார். டிசம்பரில் முதியோர் இல்லத்துக்குப் போகிறார். அதற்குள் அப்பாவின் காகிதங்களைக் காப்பகத்துக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று எழுதியிருந்தார்.

கதவைத் திறந்தது அவர் இல்லை. வீட்டு வேலைக்கு வரும் எலுனெட். என் வயதுதான் இருக்கும். கையில் துடைப்புத் துணியோடு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"காகிதம் பாக்க வந்தவங்களா? வாங்க. யாரோ வாட்டசாட்டமா ஒரு ஆம்பள வருவாருன்னு நெனச்சேன். நாப்பத்தி நாலு பெட்டி இருக்கு. உங்க முட்டி தாங்குமா?"

"தாங்காதுன்னுதான் சொல்லுது. ஆபீஸ்ல யாரும் முட்டிகிட்ட கேக்கல."

"எனக்கும் அதே கததான்." சிரித்தபடி என் குடையை வாங்கி மூலையில் சாய்த்தாள். "மாடில, கடைசி அறை. ஆத்தப் பாத்த ஜன்னல். ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். நாலு மணிக்கு மேல அங்க உக்காராதீங்க."

"ஏன்?"

அவள் துணியைப் பிழிந்தாள்.

"குளிரும்," என்றாள்.

அறை நன்றாகத்தான் இருந்தது. சுவர் முழுக்கச் சட்டப் புத்தகங்கள். ஜன்னலைப் பார்த்துப் போட்ட பெரிய மேசை, கை வைத்த நாற்காலி. அதில் உட்கார்ந்தால் எதிரே ஆறு, முதுகுக்குப் பின்னால் கதவு. பெட்டிகளை மிஸ் டிலைஸ் ஆண்டு வாரியாக அடுக்கி வைத்திருந்தார். நல்ல குடும்பங்களில்கூட இது அபூர்வம். நான் மனதுக்குள் அவருக்கு நன்றி சொன்னேன்.

ஒரு வாசனை மட்டும் இருந்தது. ஈரக் கம்பளி, ஆற்றுச் சேறு, கொஞ்சம் தார். நனைந்த என் கோட்டிலிருந்துதான் வருகிறது என்று நினைத்து அதைக் கீழே கொண்டுபோய்ச் சமையலறை அடுப்போரம் மாட்டிவிட்டு வந்தேன்.

வாசனை அறையிலேயே இருந்தது.

முதல் மூன்று நாளிலேயே எனக்கு மோஸ்டினைப் பிடித்துப்போனது. மறைக்காமல் சொல்கிறேன், மதுவிலக்குக்காரர் என்றாலே எனக்கு ஒரு மரியாதை உண்டு. என் கணவர் எல்வின் தபால் நிலையத்தில் வேலை பார்த்தார். குடித்துக் குடித்தே போய்ச் சேர்ந்தார். இருபது வருடம் அவர் அலுவலகத்துக்குக் காய்ச்சல் என்றும் வயிற்று வலி என்றும் கடிதம் எழுதிக் கொடுத்தது நான். அழகான கையெழுத்தில், சந்தேகம் வராத வாக்கியங்களில் எழுதுவேன். அவர் போய் ஆறு வருடம் ஆன பிறகும் எனக்கு அந்தக் களைப்பு தீரவில்லை. அதனால் மோஸ்டின் சேர்த்து வைத்திருந்த உறுதிமொழிச் சீட்டுகளைக் கட்டுக் கட்டாக எடுத்தபோது மனது இளகியது. "இன்று முதல் மது அருந்த மாட்டேன், கர்த்தர் எனக்குத் துணை செய்வாராக." கீழே கையெழுத்து, அல்லது பெருக்கல் குறி. குவாரிக்காரர்கள், ஆடு மேய்ப்பவர்கள், மாலுமிகள். இப்படி ஒருவர் எங்கள் தெருவில் இருந்திருந்தால் என்று தோன்றியது.

மூன்றாம் நாள் வேலை மும்முரத்தில் நாலு மணி தாண்டியதைக் கவனிக்கவில்லை. நவம்பர் மாதம். விளக்கைப் போட்டேன். குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

யாரோ பின்னால் வந்து நின்றார்கள்.

கதவு திறந்த சத்தம் இல்லை. காலடி இல்லை. ஆனாலும் ஆள் வந்து நிற்பது முதுகுக்குத் தெரியும் அல்லவா. இடது தோளுக்குப் பின்னால், ஒரு முழம் தள்ளி. எலுனெட் தேநீர் கொண்டுவந்திருக்கிறாள் என்று எண்ணி, "அங்க வச்சிடுங்க," என்றேன்.

தட்டு வைக்கும் சத்தம் கேட்கவில்லை.

சொட்டு.

ஜன்னலில் மழை சரசரத்துக்கொண்டிருந்தது. இந்தச் சத்தம் அது இல்லை. மரத் தரையில், நிதானமாக, ஒன்று விழுந்து அடுத்தது விழுவதற்குள் நான் இரண்டு முறை மூச்சு விட்டேன்.

சொட்டு.

திரும்பினேன். யாரும் இல்லை. நாற்காலிக்குப் பின்னால் பலகையில் இரண்டு ஈரத் தடங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பெரிய பாதங்களின் அளவு. வந்ததற்கும் போனதற்கும் தடம் இல்லை. நின்றதற்கு மட்டும் இருந்தது.

மறுநாள் எலுனெட்டிடம் காட்டினேன். அவள் குனியக்கூட இல்லை.

"பதினேழு வருஷமாத் தொடைக்கிறேன். அந்த எடம் மட்டும் காயாது. மொதல்ல கூரை ஒழுகுதுன்னு நெனச்சோம். என் வீட்டுக்காரர் ஏறிப் பாத்தார். ஓடு ஒண்ணுகூட உடையல."

"நீங்க பாத்திருக்கீங்களா?"

"நான் மூணரைக்கே கிளம்பிடுவேன். பாக்கணும்னு எனக்கு ஆசை கெடையாது." அடுப்பில் கொதித்த ஆட்டுச் சூப்பைக் கிண்டினாள். "மிஸ் டிலைஸ்கிட்ட ஒரு தடவ கேட்டேன். 'அவர் தன் வேலையா வர்றார், நீ உன் வேலையப் பாரு'ன்னாங்க. நானும் என் வேலையப் பாக்கிறேன்."

நான் அப்போதே கிளம்பிப் போயிருக்க வேண்டும். காப்பகத்துக்குத் தொலைபேசியில் முழங்கால் வலி என்று சொன்னால் நம்பியிருப்பார்கள். ஆனால் யாரும் இல்லாத வீட்டுக்குத் திரும்பிப் போய் என்ன செய்வது என்ற அலுப்பு, பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. இன்னொன்றும் உண்டு. என் பின்னால் வந்து நின்றவரிடம் கோபம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அவர் நின்ற விதம் எனக்குப் பழக்கமான ஒன்று. அரசு அலுவலகங்களில், வக்கீல் அறைகளில், தன் முறை வருமென்று காலையிலிருந்து நின்று சோர்ந்துபோனவர்கள் அப்படித்தான் நிற்பார்கள்.

ஏழாம் நாள் பத்தொன்பதாம் பெட்டியைத் திறந்தேன். அதில் அவர் எழுதிய ஊர் வரலாற்றின் கையெழுத்துப் படிகள் இருந்தன.

அச்சான புத்தகத்தை எங்கள் மாவட்டத்தில் படிக்காதவர்கள் இல்லை. அதன் ஏழாம் அதிகாரம் படகு விபத்தைப் பற்றியது. 1883 நவம்பர் பதினான்காம் தேதி காலை, அக்கரையில் நடந்த மதுவிலக்குப் பெருங்கூட்டத்தில் பாடுவதற்காக லான்வரன் ஞாயிறு பள்ளியின் பதினொரு பிள்ளைகள் ஓடத்தில் ஏறினார்கள். ஓடக்காரர் ஏனோக் பெல்லிஸ் குடித்திருந்தார். நடு ஆற்றில் ஓடம் மூழ்கியது. ஒருவரும் தப்பவில்லை, ஏனோக் உள்பட. பிள்ளைகளைத் திருச்சபையின் கல்லறைத் தோட்டத்தில் வரிசையாகப் புதைத்தார்கள். ஏனோக்கை அதன் மதிலுக்கு வெளியே புதைத்தார்கள். அதற்குப் பிறகு நாற்பது வருடம் மோஸ்டின் பேசிய ஒவ்வொரு மேடையிலும் அந்த ஓடம் மூழ்கியது. சிறு வயதில் என் அம்மாவும் அந்தக் கதையைச் சொல்லித்தான் எங்களைப் பயமுறுத்துவாள்.

பெட்டியில் அந்த அதிகாரத்தின் கடைசிப் பக்கம் மட்டும் நாற்பத்து மூன்று படிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் தேதி. எல்லாம் நவம்பர் பதினான்கு. 1884 முதல் 1926 வரை, ஒரு வருடம் விடாமல். புத்தகம் அச்சேறிய பிறகும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. எல்லாப் படியும் ஒரே இடத்தில் நின்றிருந்தது.

"அன்று காலை ஓடக்காரர்"

அதற்கு மேல் ஒன்றும் இல்லை. சிலவற்றில் மை திட்டாகப் பரவியிருந்தது. சிலவற்றில் காகிதம் நனைந்து காய்ந்து சுருங்கியிருந்தது.

பெட்டியின் அடியில் மூன்று காகிதங்களை நாடா போட்டுக் கட்டி வைத்திருந்தார். வக்கீல் புத்தி. தனக்கே எதிரான சாட்சியாக இருந்தாலும் ஆவணத்தைக் கிழிக்க அவருக்குக் கை வரவில்லை.

முதலாவது ஓர் உறுதிமொழிச் சீட்டு. 1876. ஏனோக் பெல்லிஸ் என்று எழுத்துக் கூட்டி எழுதிய கையெழுத்து. ஓரத்தில் மோஸ்டினின் சிறிய எழுத்தில் ஒவ்வொரு வருடமும் ஒரு குறிப்பு: "காத்தார்." ஏழு முறை.

இரண்டாவது ஏனோக் அனுப்பிய துண்டுக் கடிதம், விபத்துக்கு முந்தைய நாள் எழுதியது. "ஐயா, ஓடத்தின் அடிப்பலகை ஊறிப்போய்விட்டது. தென்மேற்குக் காற்று. நாலு பேருக்கு மேல் ஏற்ற மாட்டேன். பிள்ளைகளைப் பாலம் சுற்றிப் போகச் சொல்லுங்கள்."

மூன்றாவது அதற்கு மோஸ்டின் அனுப்பிய பதிலின் நகல். தான் அனுப்பும் எந்தக் கடிதத்துக்கும் நகல் வைத்துக்கொள்வது அவர் வழக்கம். "கூட்டம் உமக்காகக் காத்திருக்காது. காலை ஏழு மணிக்கு ஓடம் தயாராக இல்லையென்றால் ஓடத்துறை உரிமை வேறு ஆளுக்குப் போகும். உமக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை நினைவில் வையும்."

நான் அதை மூன்று முறை படித்தேன். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. இவரும் இப்படித்தானா என்ற அயர்ச்சிதான் வந்தது.

கீழே போனேன். எலுனெட் போய்விட்டிருந்தாள். மிஸ் டிலைஸ் சமையலறையில் கணப்பருகே போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் கையில் இருந்த நாடாக் கட்டைப் பார்த்தார். முகம் மாறவில்லை.

"பத்தொன்பதாம் பெட்டியா?" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"புத்தகத்துக்கு அச்சுக்கு அனுப்பற படிய எழுதிக் குடுத்தது யாருன்னு நெனச்ச? ரெண்டாம் பதிப்பு. எனக்குப் பதினாலு வயசு. 'குடித்திருந்தார்'ங்கிற வார்த்தைய எழுதினது என் கைதான், நெஸ்டா. அப்பாவால அத எழுத முடியல. 'அச்சுல போன தடவ குமாஸ்தா எழுதினது மாதிரியே போட்டுடு'ன்னு வாயால சொன்னார். நான் போட்டேன்."

"அந்தக் கடுதாசி?"

"அத அப்பா செத்தப்புறம்தான் பாத்தேன்." போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். "அவர் கெட்டவர் இல்ல. நெறைய வீட்டக் காப்பாத்தினவர். விசாரணையில ஒருத்தர் எழுந்து, 'ஓடக்காரன் குடிச்சிருப்பான்'னார். அப்பா இல்லன்னு சொல்லல. அவ்வளவுதான் அவர் செஞ்சது. அடுத்த நாளே அது உண்மையாயிடுச்சு."

நான் நாடாவை இறுக்கிக் கட்டினேன்.

"உன்னால முடிஞ்சா அதப் பெரிசு பண்ணாத. சீட்டுல 'விபத்து தொடர்பான காகிதங்கள்'னு எழுது. தேடி வர்றவன் பாத்துக்கட்டும். என்னை இல்லத்துக்கு அனுப்பி வைக்கிற வரைக்குமாவது."

"சரி," என்றேன்.

சரி என்று சொல்வது எனக்கு எப்போதும் எளிதாகத்தான் இருந்திருக்கிறது.

மாடிக்கு ஏறினேன். மணி நாலு ஆகியிருக்கவில்லை, ஆனால் மழையில் அறை இருண்டுவிட்டது. விளக்கைப் போட்டு, புதுச் சீட்டு எடுத்து, பென்சிலைச் சீவினேன். காப்பகத்தில் பேனா கிடையாது, பென்சில்தான். எண் பத்தொன்பது. படகு விபத்து, 1883. அடுத்த வரியில் என்ன எழுதுவது என்று யோசிக்கக்கூட இல்லை. சிறு வயதிலிருந்து கேட்ட வாக்கியம் தானாகவே வந்தது. காய்ச்சல் என்று எழுதிப் பழகிய அதே கை.

"ஓடக்காரரின் குடிபோதையால்" என்று எழுதினேன்.

சீட்டின் மீது ஒரு துளி விழுந்தது.

மேலே பார்த்தேன். கூரை உலர்ந்திருந்தது.

இன்னொரு துளி, "குடி" என்ற எழுத்துகளின் மேல். மூன்றாவது என் மணிக்கட்டில். அந்தக் குளிர் எலும்பு வரை போனது.

ஈரக் கம்பளியின் வாசனை கழுத்தருகே வந்தது.

நான் திரும்பவில்லை. திரும்பத் தேவையில்லை. வெளியே இருட்டு, உள்ளே விளக்கு. ஜன்னல் கண்ணாடி முழுக்க அறை தெரிந்தது. மேசை, விளக்கு, நரைத்த தலையோடு நான்.

எனக்குப் பின்னால் ஒருவர்.

தொப்பியைக் கழற்றி இரண்டு கைகளாலும் மார்போடு பிடித்திருந்தார். தாடியிலிருந்து நீர் வடிந்தது. கன்னம் உள்ளே போயிருந்தது. ஒரு காதில் ஆற்றுப் பாசி ஒட்டியிருந்தது. பார்வை என் மேல் இல்லை. என் தோளுக்கு மேலாகக் கழுத்தை நீட்டி, சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படித்துக்கொண்டிருந்தார்.

எழுத்துக் கூட்டிப் படிப்பவரைப் போல உதடுகள் மெதுவாக அசைந்தன. நான் எழுதிய கடைசி வார்த்தைக்கு வந்ததும் அசைவு நின்றது. அவர் கண்களை மூடிக்கொண்டார். அவ்வளவுதான். ஆத்திரம் இல்லை, அலறல் இல்லை. நாள் முழுக்க நின்றவரிடம் நாளைக்கு வா என்று சொன்னால் முகம் எப்படிப் போகுமோ அப்படிப் போனது.

அதைப் பார்த்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

"பயப்படாத."

வாசலில் மிஸ் டிலைஸ். ஒரு கையில் தடி, மறு கையால் கதவுநிலையைப் பிடித்திருந்தார். படி ஏறியதில் மூச்சு இரைத்தது.

"அவர் ஒண்ணும் செய்ய மாட்டார். நிப்பார். அவ்வளவுதான்."

"எவ்வளவு நாளா?" என்று கேட்டேன்.

"எனக்கு நெனவு தெரிஞ்சதுலேருந்து." மெதுவாக நடந்து வந்தார். நீர் சொட்டிக்கொண்டிருந்த இடத்தைச் சுற்றி, ஒரு விருந்தாளியைத் தாண்டிப் போவது போல ஒதுங்கி வந்தார். "இன்னைக்கு என்ன தேதி?"

"பதினாலு."

"ஆமா. அப்பா வருஷா வருஷம் இதே நாள் இங்க உக்காருவார். எழுதுவார். அந்த எடம் வந்ததும் பேனா நின்னுடும். திரும்பிப் பாக்காமலே, 'அடுத்த வருஷம், ஏனோக்' அப்டின்னுவார். மரியாதையாத்தான் சொல்வார். இவரும் அன்னைக்குப் போயிடுவார். அப்பா சாகறதுக்கு ஒரு மாசம் முன்னாடிகூட அதத்தான் சொன்னார்."

"அதுக்கப்புறம்?"

"நான் சொன்னேன். ஐம்பத்தோரு தடவ."

கண்ணாடியில் அந்த மனிதர் அசையவில்லை. துளிகள் மட்டும் விழுந்துகொண்டிருந்தன. மிஸ் டிலைஸ் அவரைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தபடி நின்றார். நான் எழுதிய சீட்டு அவர் கண்ணில் பட்டது. படித்தார். நான் அதைக் கையால் மூடப் போனேன். வெட்கம்.

"என்னைத் திட்டுங்க," என்றேன்.

"எந்த வாயால திட்டறது?" தடியை மேசையோரம் சாய்த்தார். பிறகு, யாரிடம் என்று தெரியாமல், "அடுத்த வருஷம் இந்த வீட்டுல நான் இருக்க மாட்டேன். இந்த மேசையும் இருக்காது. அவர் எங்க போய் நிப்பார், சொல்லு," என்றார்.

நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். மிஸ் டிலைஸ் உட்கார்ந்தார். இழுப்பறையைத் திறந்து அப்பாவின் பேனாவையும் மைக்கூட்டையும் எடுத்தார். மை புதிதாக இருந்தது. வருடா வருடம் வாங்கி வைத்திருக்கிறார்.

"கடைசிப் படியக் குடு. இருபத்தாறு."

முப்பத்தோரு வருடத்தில் ஒரு மூலக் காகிதத்தில் யாரும் ஒரு புள்ளி வைக்க நான் விட்டதில்லை. அன்று நானே எடுத்து அவர் முன்னால் வைத்து, சுருங்கிய ஓரத்தை விரலால் பிடித்துக்கொண்டேன்.

பேனா காகிதத்தைத் தொட்டது. நிப்பை எடுத்தார். மறுபடி வைத்தார். வாய் திறந்தது. அந்தப் பழைய வார்த்தைகள் அவர் நாக்கின் நுனியில் இருப்பது எனக்குத் தெரிந்தது. சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

அவர் எழுதினார்.

"அன்று காலை ஓடக்காரர்" என்று அப்பாவின் எழுத்தில் நின்ற இடத்திலிருந்து, தன் கோணல் எழுத்தில் தொடர்ந்தார்: "தெளிவாக இருந்தார். போக வேண்டாம் என்று சொன்னவர் அவர். போகச் சொன்னவர் என் தந்தை. இது எங்களுக்குத் தெரியும். டிலைஸ் மோஸ்டின்."

நிப்பின் கீறல் நின்றது.

நான் கண்ணாடியைப் பார்த்தேன். ஏனோக் குனிந்திருந்தார். இப்போது மிஸ் டிலைஸின் தோளுக்கு மேல், அவர் நரைமுடியில் தாடி படும் அளவுக்கு நெருக்கமாக. உதடுகள் அசைந்தன. ஒரு வார்த்தை. அடுத்த வார்த்தை. நடுவில் ஓரிடத்தில் தடுமாறித் திரும்பப் போய் முதலிலிருந்து படித்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நாங்கள் இருவரும் மூச்சு விடாமல் இருந்தோம், பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் படித்து முடிக்கக் காத்திருப்பது போல.

முடித்ததும் நிமிர்ந்தார். தொப்பியை உதறினார். தலையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த துளிக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அது விழவில்லை.

மிஸ் டிலைஸ் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்துத் தோளைத் தொட்டேன். அழவில்லை.

"தூக்கம் வருதும்மா," என்றார். "என்னக் கீழ கூட்டிட்டுப் போ."

மறுநாள் காலை எலுனெட் என்னைக் கூப்பிட்டுத் தரையைக் காட்டினாள். பலகை வெளிறி, எலும்பு போலக் காய்ந்திருந்தது. அதை ஒரு முறை காலால் தேய்த்துப் பார்த்தாள்.

"பதினேழு வருஷம்," என்றாள். "எனக்கு யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க. தெரிஞ்சா வேலைக்கு வர மாட்டேன்."

அன்று மாலை ஐந்து வரை அறையில் உட்கார்ந்து வேலை பார்த்தேன். யாரும் வரவில்லை. அதற்கடுத்த நாட்களிலும் வரவில்லை. நான் நனைந்த சீட்டைக் கிழித்துவிட்டு, மூன்று காகிதங்களில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே புதுச் சீட்டில் எழுதினேன். மேலதிகாரி படித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். மோஸ்டின் மண்டபத்துக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்றார். வரட்டும் என்றேன். அவருக்கும் களைப்புதான். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மிஸ் டிலைஸ் ஜனவரியில் முதியோர் இல்லத்தில் தூக்கத்திலேயே போனார். அடக்கத்துக்கு நானும் எலுனெட்டும் போனோம். எலுனெட் எனக்குத் தேநீரும் பழரொட்டியும் வாங்கிக் கொடுத்தாள். அந்த அறையைப் பற்றி இருவருமே பேசவில்லை.

மே மாதம் ஒரு மத்தியானம் ஐவோர் பெல்லிஸ் காப்பகத்துக்கு வந்தார். ஏனோக்கின் கொள்ளுப்பேரன். மேட்டுப் பக்கம் ஆட்டுப் பண்ணை வைத்திருக்கிறார். சபைக்கு உடுத்தும் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அன்று வாசிப்பறையில் அவர் ஒருவர்தான். வாசலில் இருக்கும் பதிவேட்டில் பெயரையும் வந்த நேரத்தையும் எழுதிவிட்டு, கட்டை விரலைக் கோட்டில் துடைத்துக்கொண்டு பத்தொன்பதாம் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தார். இரண்டு மணி நேரம் எழவில்லை.

"பள்ளிக்கூடத்துல எங்கள 'குடிகாரன் பெல்லிஸ்'னுதான் கூப்பிடுவாங்க," என்றார் கடைசியில். "என் அப்பா ஒரு சொட்டு தொட்டதில்ல. தாத்தாவும் தொட்டதில்ல. கல்யாணத்துலகூடத் தண்ணிதான் குடிப்பாங்க. இருந்தாலும் எவனும் நம்ப மாட்டான். நாங்களே நம்பல, அதான் கொடும. எங்க வீட்டுலயே அவர் பேர யாரும் பிள்ளைக்கு வைக்கல."

"சபையில என்ன சொல்றாங்க?"

"மதில இடிச்சு உள்ள சேத்துக்கிறோம்னு சொல்றாங்க. நூறு வருஷம் கழிச்சு. அவர் எங்க போயிடப் போறாரு, மெதுவாச் செய்யுங்கன்னு சொல்லிட்டேன்." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. மிஸ் டிலைஸின் கோணல் எழுத்தை விரலால் தொடாமல், மேலாகத் தடவினார். "இந்தப் பிள்ளைங்க பேரு எங்கயாவது இருக்காம்மா? கல்லுலகூட 'பதினொரு மலர்கள்'னுதான் வெட்டியிருக்கு."

"எதுலயும் இல்ல. மோஸ்டின் எழுதல. ஞாயிறு பள்ளிப் பதிவேடு தீயில போச்சு."

"தேடினா கெடைக்குமா?"

"கெடைக்கலாம். ஒவ்வொரு வீடா, ஒவ்வொரு பெட்டியாப் பாக்கணும்." கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டேன். "எனக்குத்தான் தெம்பு இல்ல."

அவர் தலையாட்டினார். குறை சொல்லும் மனிதர் இல்லை. நாலு மணிக்குக் கிளம்பிப் போனார்.

நான் பெட்டியைக் கட்டி உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, கதவை அடைக்கும் முன் வழக்கம்போலப் பதிவேட்டைச் சரிபார்க்க வந்தேன். மே மாத வெயில் தரை முழுக்க மஞ்சளாக விழுந்திருந்தது. வெளியே சாலையில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். வாசிப்பறையில் எல்லா நாற்காலிகளும் காலியாக இருந்தன.

ஐவோரின் பெயருக்குக் கீழே வேறு எழுத்து இருந்தது.

பென்சிலால், அழுத்தி அழுத்தி எழுதியது. கோட்டுக்கு மேலேயும் கீழேயும் ஏறி இறங்கும் பெரிய பெரிய எழுத்துகள். லோயிஸ். டெவி. மார்கெட். ஜோப். சின்ன ஜோப். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கை. ஒருவன் தன் பெயரில் ஓர் எழுத்தைத் திருப்பிப் போட்டிருந்தான். ஒருத்தி எழுதி, அழித்து, மறுபடி எழுதியிருந்தாள். அழித்த தூள் பக்கத்தின் மேலேயே கிடந்தது.

விரலை வைத்து எண்ணினேன். பதினொன்று.

வந்த நேரம் என்ற கட்டத்தில் எல்லோரும் நாலு மணி என்று போட்டிருந்தார்கள்.

வெளியேறிய நேரம் என்ற கட்டத்தில் யாரும் எதுவும் எழுதியிருக்கவில்லை.